கவிழ்த்துவைத்த பெட்டி: கல்லறைக்கல் மேல் நினைவுப்பொருள்கள் கெடாமல் இருக்க

மூக்குக்கண்ணாடி, பதக்கம், பொம்மைக் கார், ஒரு புகைப்படம் என்று இறந்தவர் தொட்டுப் பழகிய பொருள்களைக் கல்லறையில் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் பெட்டியைத்தான் தேடிப் போகிறார்கள். சில மாதங்களில் அதன் உட்சுவரில் வியர்வை பூக்கும். பிறகு படத்தில் பூஞ்சை, பதக்கத்தில் பச்சைக் களிம்பு. மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று நினைத்து விளிம்பெல்லாம் சிலிக்கோன் பூசுவார்கள். அதற்குப் பிறகு உள்ளே போன ஈரம் வெளியே வர வழியே இல்லாமல் போய்விடும்.

இந்தப் பதிவில் உள்ள பெட்டி நேர் எதிரான முறையில் ஆனது. அடிப்பக்கம் திறந்த ஒரு அக்ரிலிக் கூடு, கல் பீடத்தின் மேல் சட்டியைக் கவிழ்த்த மாதிரி உட்காரும். ரப்பர் வளையம் கிடையாது. மழை உள்ளே ஏறாது, காற்று மட்டும் போய்வரும்.

இறுக மூடினால் ஏன் கெடுகிறது

20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரமுள்ள பெட்டியில் 3 லிட்டர் காற்று இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் அந்தக் காற்றிலுள்ள தண்ணீர் சுமார் 0.07 கிராம். ஒன்றரைச் சொட்டுக்கூடத் தேறாது. உண்மையான தண்ணீர் பொருளுக்குள் இருக்கிறது. 65 சதவீத ஈரப்பதத்தில் பருத்தித் துணி தன் எடையில் 7–8 சதவீதமும், மரம் ஏறக்குறைய 12 சதவீதமும் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும் 100 கிராம் துணி பொம்மைக்குள் 7 கிராம் தண்ணீர். பகலில் வெயில் பட்டதும் அது ஆவியாகக் கிளம்பும், இரவில் குளிர்ந்த சுவரில் முத்து முத்தாகப் படியும். அடுத்த நாளும் இதே கதை.

இரண்டாவது காரணம் அழுத்தம். வெயிலில் 60 டிகிரிக்குச் சூடான பெட்டி மேல் திடீரென்று மழை பெய்து 30 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே காற்றழுத்தம் சுமார் 9 சதவீதம் குறையும். இது கிட்டத்தட்ட 90 செ.மீ. உயரத் தண்ணீரை உறிஞ்சப் போதுமான இழுப்பு. அந்த நேரத்தில் ரப்பர் வளையத்தைச் சுற்றி மழைநீர் தேங்கி நிற்கிறது. தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் பெட்டி அதை ஸ்ட்ரா போட்டுக் குடிப்பது போல இழுத்துக்கொள்ளும். தண்ணீருக்கு அடியில் வைத்துச் சோதித்தபோது ஒழுகாத பெட்டி கல்லறையில் ஒழுகுவது இதனால்தான்.

சிலிக்கா ஜெல் போட்டால் சரியாகாதா? முழுக்க மூடிய இடத்தில் சரியாகும். ஒழுகும் பெட்டியில் அது சில வாரங்களில் நிறைந்துவிடும், பிறகு வெயில் ஏறும்போது பிடித்த ஈரத்தைத் திருப்பிக் கக்கும். பொருளை முன்கூட்டி உலர்த்த அது அருமையான சாதனம். கல்லறைப் பெட்டிக்குள் நிரந்தரமாக விட்டுவைக்க ஏற்றதல்ல.

பொருளும் அளவும்

அடிக்கல் 300 × 200 × 30 மி.மீ. கிரானைட். அதன் நடுவில் பீடமாக 240 × 140 × 40 மி.மீ. கிரானைட் துண்டு, எபாக்ஸியால் (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் கெட்டிப் பசை) ஒட்டியது. இரண்டும் சேர்ந்து எட்டரைக் கிலோ வரும். இந்த எடையே பெட்டியை நிறுத்திவிடும் என்பதால் கல்லறைக்கல்லில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. இந்த வடிவத்தைத் தேர்ந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். கல்லறைக்கல்லைத் துளைக்கப் பெரும்பாலான இடங்களில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பழைய கல்லாக இருந்தால், அனுமதி கிடைத்தாலும் துளைக்கக் கூடாது என்பது என் கட்சி.

கூட்டுக்கு 5 மி.மீ. அக்ரிலிக் ஷீட். வார்த்துச் செய்த ஷீட் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அச்சில் தள்ளிச் செய்த ஷீட் விலை குறைவு, ஆனால் ஒட்டும் திரவம் பட்ட இடத்தில் மயிரிழை விரிசல் விடும். பாலிகார்பனேட் அடி தாங்கும், உடையாது. ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகும். விஷமிகள் கல்லெறியும் இடம் என்றால் பூச்சுள்ள பாலிகார்பனேட், மற்ற இடங்களுக்கு அக்ரிலிக். சாதாரணக் கண்ணாடி வேண்டாம். உடைந்தால் புல்வெட்டும் இயந்திரம் சில்லுகளை வீசியடிக்கும், பல கல்லறைத் தோட்டங்களில் கண்ணாடிக்குத் தடையே இருக்கிறது.

வெட்டும் அளவு: முன்னும் பின்னும் 256 × 185 இரண்டு, பக்கவாட்டில் 146 × 185 இரண்டு, மேலே 256 × 156 ஒன்று. ஒட்டி முடித்தால் உள்ளளவு 246 × 146. பீடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 மி.மீ. இடைவெளி கிடைக்கும். இந்த இடைவெளியைக் குறைக்கக் கூடாது. 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 246 மி.மீ. அக்ரிலிக் 0.7 மி.மீ. நீளும் அல்லது சுருங்கும். கிரானைட்டோ அதில் எட்டில் ஒரு பங்குகூட அசையாது. பீடத்தை ஒட்டினாற்போல் கூட்டைச் செய்தால் முதல் குளிர் இரவில் மூலை பிளக்கும்.

இவை போக எம்5 அளவில் (5 மி.மீ. விட்டம்) 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ நான்கு, அதே உலோகத்தில் உட்புரி உள்ள குழல் நான்கு, 16 மி.மீ. நைலான் வாஷர், 3 மி.மீ. நைலான் இடைவளையம், 60 மெஷ் (அங்குலத்துக்கு 60 கண்) ஸ்டெயின்லெஸ் வலை ஒரு முழம், கூரைக்கு 300 × 200 அளவில் 1.5 மி.மீ. அலுமினியத் தகடு. தகட்டுக்கு வெள்ளைப் பூச்சு வேண்டும். சாதா இரும்பு ஸ்க்ரூ ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. துரு பருக்கும்போது கல்லையே பிளக்கும், அதன் பழுப்புக் கறை கல்லுக்குள் இறங்கிவிடும்.

ஒட்டுவதும் துளைப்பதும்

வாளால் அறுத்து, 220 பிறகு 400 எண் உப்புத்தாளில் தேய்த்த விளிம்புதான் நன்றாக ஒட்டும். லேசரில் வெட்டிய விளிம்பு பளபளவென்று அழகாக இருக்கும். ஆனால் வெட்டும் சூட்டில் அதற்குள் இறுக்கம் தங்கிவிடும். 80 டிகிரியில் சூடாக்கி மெதுவாக ஆறவிடாமல் ஒட்டினால், ஒரு வாரத்தில் விளிம்பிலிருந்து வெள்ளிக் கோடுகள் உள்நோக்கி ஓடும்.

துண்டுகளை மூலைமட்டம் வைத்து நிறுத்தி, டேப் போட்டுப் பிடித்து, அக்ரிலிக்கை இளக்கி இணைக்கும் டைகுளோரோமீத்தேன் திரவத்தை ஊசிக்குழலால் இணைப்பின் ஓரத்தில் விட வேண்டும். பசை போல அப்புவதில்லை. நுண்ணிடைவெளியில் திரவம் தானே ஓடி நிரம்பும். ஓடும்போது இணைப்பு கண்ணுக்கு முன்னால் கறுத்துத் தெளிவாகும். வெள்ளையாக நிற்கும் இடத்தில் ஒட்டவில்லை என்று பொருள். இரண்டு நிமிடம் அசைக்காமல் பிடித்து, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். ஆவி நல்லதல்ல, திறந்த வெளியில் செய்யுங்கள். டேப்புக்கு அடியில் திரவம் போய்விட்டால் அந்த இடம் நிரந்தரமாக மங்கிவிடும், ஆகவே டேப் இணைப்பின் மேலேயே ஓடக் கூடாது, குறுக்காக மட்டும்.

ஸ்க்ரூ துளைகள் குட்டைப் பக்கங்களில், பக்கத்துக்கு இரண்டு, கீழ்விளிம்பிலிருந்து 15 மி.மீ. மேலே. துளை 8 மி.மீ. இருக்கட்டும். 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 8 மி.மீ. துளையா என்று தோன்றும். அக்ரிலிக் நகர்வதற்கான இடம் அது. புதிய, கூரான டிரில் பிட் அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்துப் பிளந்துவிடும், அதனால் அதன் வெட்டும் முனையை எண்ணெய்க்கல்லில் லேசாக மழுக்கிக்கொள்ளுங்கள். அடியில் பலகை வைத்து, மெதுவான வேகத்தில், தண்ணீர் விட்டுக்கொண்டே துளையிடுங்கள். துளையிலிருந்து மாவு போன்ற தூள் வந்தால் பிட் சுரண்டுகிறது, உருகிய நூல் வந்தால் வேகம் அதிகம். மெல்லிய சுருளாக வருவதுதான் சரி.

பீடத்தின் பக்கவாட்டில் வைரமுனை பிட்டால், குழலின் வெளிவிட்டத்தைவிட ஒரு மி.மீ. பெரிதாக, 30 மி.மீ. ஆழத்துக்குத் துளை. சுத்தியல் அடிக்கும் முறையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கல்லின் விளிம்பு பெயர்ந்துவிடும். துளைத் தூளை ஊதி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊதிய பிறகே எபாக்ஸி. தூள் மேல் ஒட்டிய குழல் முதல் முறை ஸ்க்ரூவைக் கழற்றும்போதே கூட வந்துவிடும்.

கூட்டைப் பொருத்தும்போது அதன் கீழ்விளிம்பு அடிக்கல்லைத் தொடக் கூடாது. 5 மி.மீ. தூக்கலாக நிற்கும்படி அடியில் தற்காலிகமாக அட்டை வைத்து ஸ்க்ரூ போட்டால் அளவு பிசகாது. ஆக, பீடத்தின் மேல்தளத்துக்குக் கீழே கூடு 35 மி.மீ. இறங்கி நிற்கும். இந்த 35 மி.மீ. கண்மதிப்பு அல்ல. அவ்வளவு உயரம் தண்ணீரைத் தள்ளி ஏற்ற மணிக்கு ஏறத்தாழ 85 கி.மீ. வேகக் காற்று வேண்டும். கடலோரத்திலோ மேட்டிலோ உள்ள கல்லறை என்றால் பீடத்தை 60 மி.மீ. தடிமனாக்கி, கூட்டையும் அதற்கேற்ப உயரமாக்கலாம். இடைவளையம் பீடத்துக்கும் கூட்டுக்கும் நடுவே, வாஷர் வெளியே ஸ்க்ரூத் தலைக்கு அடியில் வரும். ஸ்க்ரூவைக் கையால் மட்டும் முடுக்குங்கள். வாஷரை விரலால் சுழற்ற முடியும் அளவுக்கு மேல் இறுக்கினால் விரிசல் நிச்சயம். தளராமல் இருக்கப் புரியில் பூசும் பூட்டுத் திரவம் வேண்டவே வேண்டாம், அது அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் நொறுக்கும்.

3 மி.மீ. இடைவெளி எறும்புக்கு ராஜபாட்டை. குளவி அதில் மண் கூடு கட்டும். வலையை 15 மி.மீ. பட்டையாக வெட்டி, ஒரு விளிம்பைப் பீடத்தின் பக்கச்சுவரில் மேல்தளத்துக்கு 5 மி.மீ. கீழே சிலிக்கோன் பொட்டுகளால் ஒட்டி, மறு விளிம்பை வளைத்துக் கூட்டின் உட்சுவரில் அழுந்தும்படி விடுங்கள். பின்சுவரின் உச்சியில் 6 மி.மீ. துளை இரண்டு போட்டு, உள்ளே வலை ஒட்டினால் சூடான ஈரக்காற்று மேலே வெளியேறும், கீழிருந்து புதுக்காற்று ஏறும். இந்தத் துளைகளை வெளிப்பக்கம் சரிவாகப் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். மேலே கூரைத்தகடு வருவதால் நேர்துளையே போதும், 5 மி.மீ. ஷீட்டில் சாய்த்துத் துளைக்கப் போனால் விரிசல்தான் மிச்சம்.

கூரைத்தகட்டை அக்ரிலிக் கட்டைகள் மேல் சிலிக்கோனால் ஒட்டலாம். முன்பக்கக் கட்டைகள் 20 மி.மீ., பின்பக்கம் 10 மி.மீ. தண்ணீர் பின்பக்கம் வழியும், முன்முகத்தில் கோடு விழாது. தகட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே காற்று ஓடும் இந்த இடைவெளி உள்வெப்பத்தைக் குறைப்பதில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக வேலை செய்கிறது.

சிலிக்கோன் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வினிகர் வாடை அடிக்கும் வகை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அது செம்பு, பித்தளை, ஈயம் மூன்றையும் அரிக்கும், பளிங்கின் மெருகைத் தின்னும். நடுநிலை வகை, அதிலும் இயற்கைக் கல்லுக்கு என்று குறித்த வகை வேண்டும். சாதாரண சிலிக்கோனிலிருந்து எண்ணெய் கசிந்து கல்லில் ஈரம் போன்ற நிழலாகப் படரும், அது போகாது. ஒட்டிய பின் ஒரு வாரம் திறந்தே வைத்து, வாடை முழுக்கப் போன பிறகுதான் பொருள்களை உள்ளே வையுங்கள்.

மைப்பொட்டுச் சோதனை

கல்லறைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை. வெள்ளைத்தாளில் ஒரு செ.மீ. இடைவெளி விட்டுத் தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் பொட்டு வையுங்கள். பீடத்தின் மேலும் உட்சுவர்களிலும் தாளை விரித்து, கூட்டை மூடி, பூவாளித் தலையுள்ள ஹோஸால் எல்லாப் பக்கமும் 15 நிமிடம் அடியுங்கள், கீழிருந்து மேல்நோக்கியும். திறந்து பார்த்தால் எந்தப் பொட்டு வால் முளைத்துக் கலங்கியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் பின்சுவர்த் துளைக்கு நேர் கீழே இரண்டு மூன்று பொட்டுகள் கலங்கும். கூரைத்தகட்டை ஒரு செ.மீ. பின்னுக்குத் தள்ளினால் தீரும். பீடத்தின் ஓரத்தில் வரிசையாகக் கலங்கினால் கூடு 5 மி.மீ.க்கு மேல் தூக்கலாக நிற்கிறது என்று அர்த்தம்.

உள்ளே எதை வைக்கலாம்

ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை வைக்காதீர்கள். எந்தப் பெட்டியும் வெயிலை முழுக்கத் தடுக்காது. கடிதத்துக்கும் புகைப்படத்துக்கும் நகல் போதும். இன்க்ஜெட்டில் சாய மையைவிட நிறமி மை நீண்ட நாள் தாங்கும். படத்தை அக்ரிலிக்கோடு ஒட்டி வைத்தால் ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் இளகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் அங்கேயே தங்கிவிடும். 3 மி.மீ. இடைவெளி கட்டாயம். பல பத்தாண்டுகள் இருக்க வேண்டும் என்றால் பீங்கானில் சுட்ட படம்தான். 1854-இல் பூலோ, காத்தான் என்ற இரு பிரெஞ்சுப் புகைப்படக்காரர்கள் உரிமம் பெற்ற முறை அது. சுமார் 800 டிகிரியில் நிறம் பளபளப்புக்குள் உருகி இறங்கிவிடுவதால் அதற்குப் பெட்டியே தேவையில்லை.

துணி பொம்மையைத் துவைத்து, உலர்த்தி, பாலித்தீன் பையில் கட்டி, பூச்சி முட்டை சாக உறைபெட்டியில் −20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். பிறகு மூடிய டப்பாவில் பொம்மையின் எடைக்குச் சமமான சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம். ஆனாலும் துணி வெளுக்கும். அந்துருண்டை போட்டுக் காக்க நினைப்பவர்களுக்கு: நாப்தலீன் ஆவி பல பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

கைக்கடிகாரம் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். போன், சிகரெட் லைட்டர், சென்ட் ஸ்ப்ரே மூன்றும் வெயிலில் வெடிக்கக்கூடியவை, உள்ளே போகவே கூடாது. படிக்கும் மூக்குக்கண்ணாடியின் குவிவில்லையும் கண்ணாடி உருண்டையும் சூரியனை ஒரு புள்ளியில் குவித்துப் பக்கத்திலிருக்கும் தாளைப் பொசுக்கும். கண்ணாடியை மடித்து, வில்லை பின்சுவரைப் பார்க்கும்படி நிழல் பக்கம் வையுங்கள். மெத்தென்ற பிவிசி பொம்மை நாளடைவில் பிசுபிசுத்து அக்ரிலிக்கோடு ஒட்டும், அடியில் பாலித்தீன் நுரைத்தாள் துண்டு போடுங்கள்.

வெள்ளிப் பதக்கத்தைக் கம்பளித் துணி மேலோ ரப்பர் பக்கத்திலோ வைத்தால் கந்தகத்தால் கறுக்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் பின்னணி அமைத்தால் அதன் ஆவி உலோகத்தை அரிக்கும். உலோகத்துக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு இரண்டு பூச்சு நல்ல காப்பு. அருங்காட்சியகங்களில் புழங்கும் பேரலாய்ட் பி-72 வார்னிஷைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அது 40 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், வெயில் பெட்டியில் தூசியெல்லாம் அதில் ஒட்டிக் கெட்டியாகிவிடும். பொருளை நிறுத்திவைக்க ஹாட் குளூவும் உதவாது, அதே காரணம்தான். 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பிக்குப் பாலித்தீன் உறை மாட்டிக் கட்டுவதே நிலைக்கும்.

பிசின் வார்ப்பில் பொருளைப் புதைத்து வைக்கலாமே என்பார்கள். வெளிச்சத்தில் எபாக்ஸி மஞ்சளாகும், பொருளைத் திரும்ப எடுக்கவும் முடியாது. என் வரையில் அது கல்லறைக்கு ஒத்துவராத வேலை.

இடத்தில் வைத்த பிறகு

புதுக் கல்லறையில் மண் அமுங்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். அதற்கு முன் வைத்தால் பெட்டி சாயும். அடிக்கல்லுக்கும் கல்லறைக்கல்லுக்கும் நடுவே நான்கு மூலையிலும் 3 மி.மீ. அக்ரிலிக் துண்டுகள் வையுங்கள், தண்ணீர் தேங்காமல் ஓடும். கறுப்பு ரப்பர் வைத்தால் பளிங்கில் வட்டக் கறை விழும். நிற்கும் கல்லிலிருந்து 5 செ.மீ. தள்ளியும், மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்திலிருந்து குறைந்தது ஒரு முழம் தள்ளியும் இருக்கட்டும். அக்ரிலிக் 100 டிகிரியில் தளரும், தீப்பிடித்தால் நன்றாகவே எரியும்.

விடியற்காலையில் உட்சுவரில் லேசான பனி தெரிந்தால் பயப்பட வேண்டாம், பத்து மணிக்குள் போய்விட்டால் பெட்டி சரியாக மூச்சு விடுகிறது. மதியம் வரை நின்றால் பின்சுவர் வலையைப் பாருங்கள், சிலந்தி நூலோ மண்ணோ அடைத்திருக்கும். துடைக்கத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு போதும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் ஸ்பிரிட்டும் அக்ரிலிக்கை மங்கச் செய்யும். உலர்ந்த துணியால் தூசியைத் தட்டினால் கீறல் விழும், முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை ஸ்க்ரூக்களைக் கழற்றி, புரியில் மெழுகு தடவி மறுபடி போடுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸுக்குள் ஸ்டெயின்லெஸ் காய்ந்து ஓடினால் கவ்விக்கொண்டு உடையும். கூரைத்தகட்டின் அடிப்பக்கத்தில் ஆணியால் ஐந்து துண்டுகளின் வெட்டளவையும் ஸ்க்ரூ அளவையும் கீறிவைத்தால், பல வருடம் கழித்து கூட்டை மாற்ற வருபவர் கல்லை நகர்த்தி அளவெடுக்க வேண்டியிருக்காது.